வழிமொழிய ஆளில்லை

அந்த நாலு மாடிக் கட்டடத்தின் நிர்வாகக் குழுவில் மொத்தம் ஐந்தே பேர். ஆனால் செயலாளர் கூட்டம் நடத்தும் தோரணையைப் பார்த்தால், உள்ளே ஐந்நூறு பேர் உட்கார்ந்திருக்கிறார்கள், வெளியே ஆயிரம் பேர் சுவரேறி எட்டிப் பார்க்கிறார்கள் என்றுதான் தோன்றும். தும்முவதற்கும் எழுந்து நின்று தலைவரிடம் அனுமதி கேட்க வேண்டும். ஒருவர் முன்மொழிந்தால் இன்னொருவர் வழிமொழிய வேண்டும். வழிமொழிய ஆளில்லாத தீர்மானம் அங்கேயே விழுந்துவிடும், ஆறு மாதத்துக்குத் தலைதூக்கக் கூடாது. தலைவர் எந்தப் பக்கமும் சாயக் கூடாது. பதினொரு வருஷமாக இதையெல்லாம் கட்டிக் காத்த அவருக்குக் கட்டடமே வைத்த பெயர் 'ஒழுங்குப் பிரச்சினை'. யாராவது விதி மீறியதும் அந்த இரண்டு வார்த்தையை அவர் கத்தினால் மொட்டைமாடிப் புறாக்கள் பறந்துபோய் மூன்று நாள் திரும்பாது.

இந்த முறை பொருள்நிரலில் இருந்தது ஒரே விஷயம்: லிஃப்ட். அது நின்று ஏழு மாதம். முழங்கால் இரண்டும் சரியாக மடங்காத செயலாளரின் மனைவி நாலாவது மாடியை விட்டு இறங்கியும் ஏழு மாதம். ஜன்னலிலிருந்து அவளுக்குத் தெரிவதெல்லாம் உச்சந்தலைகள்தான். "யாருக்கு எவ்வளவு வழுக்கைன்னு அத்துப்படிங்க. முகந்தான் மறந்துபோச்சு" என்றாள் ஒருநாள். கூட்டத்தன்று காலையிலேயே செருப்பைத் துடைத்து வாசலில் வைத்துவிட்டாள்.

மாலையில் வந்தவர்கள் மூன்றே பேர்: செயலாளர், தலைவராக இருக்கும் அவர் மனைவியின் தம்பி, தரைத்தளத்துப் பல் டாக்டர். லிஃப்டைக் கழற்றி மாட்டினால் டாக்டரின் கிளினிக் வாசலை மூன்று வாரம் அடைக்க வேண்டிவரும்.

செயலாளர் எழுந்தார். கனைத்தார். "லிஃப்டை உடனே பழுதுபார்க்க வேண்டும் என்று முன்மொழிகிறேன்."

"வழிமொழியறவங்க யாரு?" என்று தலைவர் டாக்டரைப் பார்த்தார். டாக்டரோ எதிரே இருந்த தண்ணீர் டம்ளருக்குள் யாருடைய பல்லோ கிடப்பதுபோல் ஆழ்ந்து பார்த்தார்.

"டாக்டர்?"

"யோசிக்கிறேன் சார். யோசிக்கக் கூடாதுன்னு ஏதாச்சும் விதி இருக்கா?"

தலைவருக்குப் பொறுக்கவில்லை. "போங்கய்யா! எங்கக்கா மேல ஜெயில்ல கிடக்கிற மாதிரி கிடக்குறாங்க. நானே வழிமொழியறேன்!"

"ஒழுங்குப் பிரச்சினை!" என்றது ஒரு குரல். "தலைவர் வழிமொழியக் கூடாது!"

செயலாளரின் குரல்தான். பதினொரு வருஷப் பழக்கம். மூளையைக் கேட்காமல் வாய் தானே எழுந்து நின்று சொல்லிவிட்டது.

"அத்தான்!" என்றார் தலைவர்.

டாக்டர் அன்று முதன்முறையாகச் சிரித்தார். "செயலாளர் சொன்னது நூத்துக்கு நூறு சரி. குறிச்சுக்கோங்க."

செயலாளர் பையிலிருந்து, எல்லாச் சங்கங்களுக்கும் பொதுவான கூட்ட விதிப் புத்தகத்தை அவசரமாக எடுத்தார். அதில் இரண்டு பக்கங்களை ஸ்டேப்ளர் பின் சேர்த்துப் பிடித்திருந்தது. நகத்தால் பிய்த்ததில் விரலில் ரத்தம். படித்தார்: பன்னிரண்டு பேருக்கு மேற்படாத சிறு குழுவில் யாரும் எழுந்து நிற்க வேண்டாம், வழிமொழிய ஆள் வேண்டாம், தலைவரும் பேசலாம், ஓட்டும் போடலாம்.

"இதுக்கு ஏன் சார் பின் அடிச்சு வச்சீங்க?" என்றார் டாக்டர்.

"அப்படி நடத்தினா... கூட்டம் மாதிரியே இருக்காதேன்னு..."

"அப்ப பதினொரு வருஷமா என் இடுப்பு ஒடிய நிக்க வச்சது சும்மாவா?" டாக்டர் எழுந்து நின்றார், பழக்கம் யாரை விட்டது? "இந்தப் புத்தகம் ஆயிரம் சொல்லட்டும். 'வழிமொழியணும்'னு நம்ம சங்க விதியில எழுதி, வீடு வீடா கையெழுத்து வாங்கினது நீங்க. அதை மாத்தறதுக்கு ஒரு மாசம் முன்னாடி நோட்டீஸ் கொடுக்கணும்னதும் நீங்க. விழுந்தது விழுந்ததுதான் சார். ஆறு மாசம்."

செயலாளர் குறிப்பேட்டைத் திறந்து, முத்துமுத்தான கையெழுத்தில் எழுதினார்: 'வழிமொழிய ஆளில்லாததால் தீர்மானம் வீழ்ந்தது.'

எழுபத்திரண்டு படிகள், அன்று எழுநூறாகிவிட்டன. கதவு திறந்தே இருந்தது. மனைவி வெளியே போகும் புடவையில் நாற்காலியில் உட்கார்ந்திருந்தாள்.

"என்னாச்சுங்க?"

"ஒத்தி வச்சிருக்காங்க."

முப்பத்தெட்டு வருஷம் அவரோடு குடித்தனம் நடத்தியவள் அவள். "ஒத்தி வச்சாங்களா, விழுந்துருச்சா?"

ஒரு தப்பான சொல்லை யார் வாயிலும் தங்கவிடாத மனிதர், ரத்த விரலைச் சட்டையில் துடைத்துக்கொண்டே நின்றார்.

அவள் சுவரைப் பிடித்து எழுந்தாள். குனிய முடியாது, செருப்பைக் காலாலேயே ஒவ்வொன்றாகத் தள்ளிக் கதவுக்குப் பின்னால் ஒதுக்கினாள்.