அவர் உயரத்துக்குப் போட்ட கைப்பிடி

அக்கம்பக்கத்தில் அவருக்கு சூப்பர்வைசர் என்றுதான் பெயர். வேலையிலிருந்து ஓய்வு பெற்ற பிறகும் மனுஷருக்கு மேற்பார்வை மட்டும் ஓயவில்லை. பால் பொங்குவதைக்கூடப் பக்கத்தில் நின்று கண்காணிப்பார். மனைவி இடுப்பெலும்பு முறிந்து படுத்து எழுந்ததிலிருந்து மேற்பார்வை முழுக்க அவள் மேல்தான்.

பாத்டப்பின் விளிம்பைத் தாண்ட அவளால் முடியவில்லை. தினமும் காலையில் அவர்தான் அவளை விளிம்பில் உட்கார வைத்து, ஒவ்வொரு காலாகத் தூக்கி உள்ளே விடுவார். வாய் ஓயாமல் பேசுகிறவள், குளித்து முடிகிற வரை சுவரையே பார்த்துக்கொண்டிருப்பாள். ஒருநாள் தலை துவட்டும்போது மெல்லச் சொன்னாள்.

“கதவைச் சாத்திக்கிட்டுத் தனியா ஒரு தடவை குளிச்சாப் போதுங்க. வேற ஒண்ணும் வேணாம்.”

அவருக்குச் சுருக்கென்றது. மறுநாளே மேஸ்திரியைக் கூப்பிட்டுவிட்டார்.

அவளை அவளுடைய அக்கா வீட்டில் விட்டுவிட்டு வந்து வேலையைத் தொடங்கினார். மேஸ்திரி டப்பை உடைத்து அள்ளினார். தண்ணீர் தேங்காமல் வாட்டம் பார்த்துப் பூசி, வழுக்காத டைல்ஸ் பதித்தார். விளிம்பு, படி எதுவும் கிடையாது, நேரே நடந்துபோய் ஷவருக்கு அடியில் நிற்கலாம். கைப்பிடி எங்கே வேண்டும் என்று மேஸ்திரி கேட்டதும், நம்மவர் தானே உள்ளே போய் நின்றார். நல்ல நெட்டை மனுஷர். “இங்க கைப்பிடி, இங்க குழாய்” என்று கையை நீட்டிக் காட்டினார். வேலை முடிந்ததும் அரண்மனை கட்டியவர் மாதிரி சுற்றிச் சுற்றிப் பார்த்தார்.

அவள் வந்தாள், ஆசையாக உள்ளே போனாள். கைப்பிடி அவள் மூக்குக்கு நேரே இருந்தது. அதில் தொங்கலாமே தவிர ஊன்றி நிற்க முடியாது. குழாய் எட்டவே இல்லை.

அவள் திட்டவில்லை. திட்டியிருந்தால்கூடத் தேவலை.

“பரவால்ல. நீங்களே வந்து குளிக்க வச்சிருங்க” என்றாள்.

இத்தனை வருஷம் கூட வாழ்ந்துவிட்டு, அவளுக்கு எது எட்டும் என்று தெரியாமல் போய்விட்டதே என்று தன்னையே நொந்துகொண்டார்.

“மேஸ்திரி, பையைக் கீழ வைங்க” என்றார், சாமான்களோடு கிளம்பிக்கொண்டிருந்தவரிடம். பிறகு அவள் தோளைத் தாங்கிப் பிடித்துக்கொண்டார். “நீயே சொல்லும்மா. எங்க பிடிச்சா உனக்குத் தோது?”

அவள் உள்ளங்கையைச் சுவரில் பதித்தாள். அவர் பென்சிலை வாங்கி, அவள் கையைச் சுற்றி மெதுவாகக் கோடு இழுத்தார். குழாய்க்கும் அப்படியே.

“பழைய கைப்பிடியைக் கழட்டினா ஓட்டை தெரியும் சார்” என்றார் மேஸ்திரி.

“அது கிடக்கட்டும்” என்றாள் அவள். “இவருக்கும் ஒருநாள் இடுப்பு போகுமில்ல.”

கீழே புதுக் கைப்பிடி ஏறியது. குழாயும் இறங்கியது.

அடுத்த நாள் காலை அவள் உள்ளே போய்க் கதவைச் சாத்தினாள். தாழ்ப்பாள் விழும் சத்தம் கேட்டது. பிறகு தண்ணீர்ச் சத்தம்.

“ஏங்க, கதவுகிட்டயா நிக்கிறீங்க?”

“இல்லையே” என்றார், கதவில் காதை வைத்தபடி.

உள்ளே அவள் குழாயைத் திருகிக் குறைக்கிற சத்தம் கேட்டது.

“சரி, அப்படியே நில்லுங்க” என்றாள்.