பைன் மரத்துத் தட்டைப் பேன்

1968இல் சின்ன காஞ்சிபுரத்தில் வத்ஸலா வீட்டுக் கொல்லையில் மட்டும் பனி இறங்கியது, சித்திரை வெயிலிலும். கல்லூரியில் விலங்கியல் சொல்லிக்கொடுத்தவள் அவள். மாணவிகளோடு கோடைக்கானல் போனபோது ஒரு பைன் கன்றைக் கொண்டுவந்து, எப்படியும் காய்ந்துபோகும் என்ற நம்பிக்கையோடு கிணற்றடியில் நட்டிருந்தாள். அது ஆறே மாதத்தில் வீட்டுக் கூரையைத் தாண்டி வளர்ந்து, தன் ஊர்க் குளிரையும் வரவழைத்துக்கொண்டது. கணவர் சக்ரவர்த்தி கம்பளிக் குல்லாய் வாங்கினார். ஈரக்காற்றில் பட்டு இழை அறாது என்பதால் நெசவாளர் வீராசாமி தறிக்கு ஏற்றும் பாவு நூலைத் தினமும் அங்கேயே விரித்தார்.

மூன்றாம் வருடம் ஊசியிலைகள் பழுத்து உதிர்ந்தன. பனி மெலிந்தது, விரித்த பாவு அறுந்தது. "மரம் போச்சுன்னா எங்க பொழப்பும் போச்சும்மா. எதுனா பண்ணுங்க" என்றார் வீராசாமி.

வத்ஸலா ஓர் இலையை மைக்ராஸ்கோப்பில் வைத்தாள். சிவப்பாக, காகிதம்போல் தட்டையாக, எட்டுக் கால்களோடு சிலந்திப்பேன்கள். பைன் மரத்தில் வாழ்கிற தட்டைப் பேன்களுக்கெல்லாம் முதுகோரத்தில் இருக்கும் ஒரு ஜோடி மயிர் இவற்றுக்கு இல்லை. உலகத்தில் யாரும் பார்த்திராத இனம். பெயர் வைக்கும் உரிமை அவளுடையது.

விவசாய அலுவலகத்தில் மருந்தடிக்கும் அதிகாரி கலியாணசுந்தரம் அவள் சொன்னதைப் பொறுமையாகக் கேட்டார். "புது இனம்னா அதுக்கு மருந்து கிடையாது மேடம். பழைய இனம்னு சொல்லுங்க, நாளைக்கே அடிச்சிடறோம்."

வீராசாமி அறுந்த இழைகளைக் குனிந்து முடிந்துகொண்டிருந்ததைப் பார்த்துவிட்டுத்தான் வந்திருந்தாள். பழையதுதான் என்று சொல்லிவிட்டாள். வெளியே வந்து, கண்ணாடியைத் துடைக்கிற சாக்கில் கொஞ்சம் அழுதாள்.

அடித்தார்கள். பழைய இனத்தை மட்டும் கொல்கிற மருந்து என்பதால் ஒரு பேனும் சாகவில்லை. குடும்பம் குடும்பமாகப் பெருகின. மரமும் அவற்றோடு ஒத்துப்போய், உச்சிவரை சிவந்து தழைத்தது. பனியும் சிவப்பாக இறங்கியது. காலையில் விரித்த வெள்ளைப் பாவு மத்தியானத்துக்குள் அரக்கு நிறமாகிவிடும், எத்தனை துவைத்தாலும் போகாது. வீராசாமி சாயப்பட்டறைப் பக்கம் போவதையே விட்டார். தெருவிலிருந்த மற்ற நெசவாளர்களும் அங்கேயே பாவு விரிக்க வந்தார்கள்.

1974 வைகாசியில் கலியாணசுந்தரம், மகள் கல்யாணத்துக்கு அந்த நிறத்தில் புடவை தேடி வந்தார். வத்ஸலா காப்பி கொடுத்தாள்.

"இந்தச் சிவப்பு எப்படி மேடம் வருது?"

"ஒரு பேனாலே வர்றது சார். ஆனா அப்படி ஒண்ணு கிடையாதுன்னு நாம ரெண்டு பேருமா சேர்ந்துதானே முடிவு பண்ணினோம்."

அவர் சற்று யோசித்து, ஆமாம் என்று தலையாட்டினார். சக்ரவர்த்தி கொடுத்த குடையை மறுத்துவிட்டு, கொல்லைக்குப் போய் வீராசாமியிடம் புடவையைத் தேர்ந்தெடுத்தார். பிறகு சிவந்த வேட்டியோடு வெயிலில் பஸ் ஸ்டாண்டுக்கு நடந்தார். யாரும் திரும்பிப் பார்க்கவில்லை. அந்தத் தெருவில் எல்லோர் வேட்டியும் அப்படித்தான் இருந்தது.