கழன்று மிதக்கும் பிடிகள்

1.

இந்தக் கதை எரிச்சலில் பிறந்தது. இளம் ஆய்வாளர் ஒருவர் தம் ஆய்வைத் தமிழில் எழுதி, திருத்தித் தருமாறு எனக்கு அனுப்பியிருந்தார். செய்தி இதுதான்: புற்று உயிரணுவின் மேற்பரப்பில் பிடி போன்ற ஒரு புரதம் உண்டு. உடலைக் காக்கும் உயிரணுக்கள் அதைப் பற்றிக்கொண்டு புற்றைக் கொல்கின்றன. காவல் உயிரணுக்கள் சுரக்கும் ஒரு சமிக்ஞைப் பொருள் பட்டதும், புற்றில் அந்தப் பிடிகள் பெருகுகின்றன. நல்லது. ஆனால் அதே பொருளால் பிடிகள் கழன்று விழுவதும் பெருகுகிறது. கழன்றவை இரத்தத்தில் மிதக்க, காவல் உயிரணுக்கள் வெறும் பிடியைப் பற்றி ஏமாறக்கூடும்.

'அப்படியானால் அது நன்மையா, தீமையா? ஒன்றைச் சொல்க' என்று ஓரத்தில் எழுதினேன்.

'இரண்டும்தான், அம்மா' என்று பதில் வந்தது.

இரண்டுமாம்! இப்படியொரு விடையோடு ஒருத்தி தன் வீட்டுக்குப் போனால் என்ன ஆகும்?

2.

வாழவந்தியின் மேல் பனி மெல்லக் கவிந்து—

இல்லை. ஏற்காட்டை எழுதும் எல்லாரும் பனியில்தான் தொடங்குகிறார்கள். இங்கே வெயிலே அடிப்பதில்லையா?

மீண்டும். சென்னை ஆய்வகத்திலிருந்து தீபிகா ஏற்காட்டு மலையிலுள்ள தன் ஊரான வாழவந்திக்கு வந்தபோது, பெரியப்பா பெரியண்ணன் காப்பிக்கொட்டை காயும் களத்தில், நல்ல வெயிலில், உட்கார்ந்திருந்தார். சிறுநீரகத்துப் புற்று நுரையீரல் வரை பரவியிருந்தது. காவல் உயிரணுக்களைத் தூண்டும் ஊசியைப் போட்டுப் பார்க்கலாம் என்று சேலத்து மருத்துவர் சொல்லியிருந்தார். மறுநாள் காலை பஸ்ஸில் கீழே இறங்க வேண்டும். [எந்த ஊசி என்று கேட்டு எனக்கு எழுதாதீர்கள். இது மருந்துச் சீட்டன்று.]

"ஊசி போட்டா நல்லாயிருமா கண்ணு?"

"சீக்குச் செல்லுல பிடி நெறைய மொளைக்குங்க பெரியப்பா. ஆனா அதக் கழட்டி உட்டுட்டுத் தப்பிச்சுக்கவும் செய்யுமுங்க."

"பல்லி வாலாட்டமா?"

"ஆமாங்க."

"அப்பப் போவட்டுமா, வேண்டாமா?"

"எங் கண்ணாடித் தட்டுல ரெண்டுந்தாங்க நடந்துச்சு. ஒடம்புல எப்படியோ, தெரியலீங்க."

பெரியம்மா சின்னத்தாயிக்குப் பொறுக்கவில்லை. "இத்தன வருசம் படிச்சுப்போட்டுத் தெரியலீங்கறியே சாமி! அதுக்கு எங்கூடக் காப்பிப்பழம் பறிக்க வந்திருக்கலாம்!"

இந்தக் கதையில் எனக்குப் பிடித்தவள் சின்னத்தாயி மட்டுமே.

3.

முடிவுகளை எழுதிப் பார்த்தேன். (அ) ஊசி பலித்து, பெரியண்ணன் மிளகு பறிக்க ஏணி ஏறுகிறார். பொய். (ஆ) அவர் இறக்கிறார், தீபிகா ஆய்வகத்தின் சன்னலோரம்... மலிவு. இரண்டையும் அடித்துவிட்டேன்.

சின்னத்தாயிக்கு இந்தத் தொல்லை இல்லை. "மாரியாத்தாகிட்டப் பூக் கேட்டுப்போடலாம்" என்றாள். ஒரு பொட்டலத்தில் வெள்ளரளி, ஒன்றில் செவ்வரளி. அம்மன் முன் வைத்து ஒன்றை எடுக்க வேண்டும். வெள்ளை வந்தால் போகலாம். சிவப்பு வந்தால் கூடாது. பொட்டலம் கட்டும் வேலை தீபிகாவுக்கு வந்தது.

அவள் என்னைக் கேட்காமல் இரண்டிலும் வெள்ளையையே வைத்துக் கட்டினாள்.

ஆய்வு செய்கிறவள்! சோதனைக்கு முன்பே முடிவைக் கட்டி வைக்கிறாள்! வாக்கியத்தை அடித்தேன். திரும்ப எழுதினால் திரும்பவும் வெள்ளையே வருகிறது. ஊசி என்ன செய்யும் என்பது அவளுக்குத் தெரியாது. ஊசி இல்லாவிட்டால் என்ன ஆகும் என்பதில் மட்டும் அவளுக்கு ஐயமே இல்லை.

4.

மாரியாத்தா கோயிலில் சின்னத்தாயி கண்ணை மூடிக்கொண்டு ஒன்றை எடுத்துப் பிரித்தாள். வெள்ளை.

"ஏனுங்க, ஆத்தா போவச் சொல்லிருச்சு! நாம் போயித் துணிமணி எடுத்து வெக்கறன்."

அவள் வீட்டை நோக்கி நடந்தாள். பெரியண்ணன் நகரவில்லை.

"அந்த இன்னொண்ணையும் பிரி கண்ணு."

"அது எதுக்குங்க பெரியப்பா? அதான் வந்திருச்சுங்களே."

"ஆத்தா சொன்னதப் பாத்தாச்சு. நீ என்ன சொல்றேன்னு பாக்கோணும்."

தீபிகா பிரிக்க மறுக்கிறாள். நானும் எழுத மறுக்கிறேன். உள்ளே என்ன இருக்கிறது என்பது உங்களுக்குத் தெரியும், வாசகரே. அவள் பொட்டலத்தை உங்கள் கையில் கொடுத்துவிட்டாள்.

பெரியண்ணன் உங்கள் முகத்தைப் பார்க்கிறார்.