தொங்கும் பையின் பின்பக்கம்

பழிவாங்குவதற்கு யாராவது பை வாங்குவார்களா? இளையவள் வாங்கினாள். அதுவும் ஏனோதானோ என்று வாங்கவில்லை. பார்த்துப் பார்த்து, கடைக்காரருக்கே கால் கடுக்கும் வரை நின்று வாங்கினாள்.

பை வேண்டும் என்று கேட்டது மூத்தவள்தான். இரண்டு பேரும் ஒரே வீட்டுக்கு வாழ வந்தவர்கள், ஒருத்தி அண்ணன் மனைவி, இன்னொருத்தி தம்பி மனைவி. வருடத்துக்கு ஒருமுறை மாமியார், பிள்ளைகள், மருமகள்கள், பேத்தி என்று குடும்பம் மொத்தமும் எங்காவது ஒரு வாடகை வீட்டில் போய்ச் சில நாள் தங்கிவிட்டு வரும். இந்த வருடப் பயணத்துக்கு ஒரு வாரம் இருக்கும்போது மூத்தவள் தலை வாரிக்கொண்டே சொன்னாள்.

"கடைத்தெருப் பக்கம் போவல்ல, எனக்கு பாத்ரூம்ல தொங்கவிடற மாதிரி ஒரு பை வாங்கிட்டு வா. சோப்பு, கிரீம் எல்லாம் தனித்தனியா வைக்கிற மாதிரி. போன தடவை நீ கடை பரப்பி வச்சிருந்தியே, அந்த மாதிரியெல்லாம் என்னால இருக்க முடியாது."

போன தடவை! அதை எப்படித்தான் வாய் கூசாமல் சொன்னாளோ. இளையவள் "சரிக்கா, வாங்கிட்டு வரேன்" என்று மட்டும் சொன்னாள்.

போன தடவை நடந்தது இதுதான். மூத்தவளுக்குப் பற்பசை தீர்ந்துவிட்டது. கேட்டிருந்தால் இளையவள் கொடுத்திருப்பாள். மகாராணிகள் கேட்பார்களா? இளையவளின் சின்னத் துணிப்பையைத் திறந்து குடைந்தாள். பற்பசை கிடைத்தது, கூடவே ஒரு மாத்திரை அட்டையும் கிடைத்தது. எல்லாரும் காலைச் சாப்பாட்டுக்கு உட்கார்ந்திருந்த நேரம். செத்த எலியை வாலைப் பிடித்துத் தூக்கி வருகிற மாதிரி அந்த அட்டையை இரண்டு விரலில் தூக்கிக்கொண்டு வந்தாள். திருப்பிக்கூடப் பார்க்காமல், "இதென்ன, மனசுக்குப் போடற மாத்திரையாச்சே! நம்ம வீட்ல யாருக்கு மனசு சரியில்ல?" என்று சிரித்தாள்.

பிள்ளை பெற்ற பிறகு வந்த அழுகைக்கு டாக்டர் கொடுத்த மாத்திரை அது. அதைப் போட ஆரம்பித்த பிறகுதான் இளையவளுக்குப் பசி எடுத்தது, தூக்கம் வந்தது, மகளின் முகத்தைப் பார்த்தால் சிரிப்பு வந்தது. கணவனுக்கு மட்டும் தெரியும். அவன் அந்த மேஜையில் உப்புக்குச் சப்பாணியாக உட்கார்ந்து ரொட்டியைப் பிய்த்துக்கொண்டிருந்தான்.

மாமியார் கெட்டவர் இல்லை, பயந்தவர். பயந்தவர்கள் செய்கிற கொடுமைக்கு அளவே கிடையாது. "மாத்திரை போட்டுத் தூங்கறவ, ராத்திரி பிள்ளை அழுதா எழுந்திருப்பாளா?" என்று கேட்டு, அன்றைக்கே பேத்தியைத் தன் அறைக்குக் கொண்டுபோனார். இளையவள் எழுந்திருப்பேன் என்றாள், அழுதாள், கத்தினாள். அழுததும் கத்தியதும் அவளுக்கு எதிரான சாட்சியாகத்தான் போயின. "கொஞ்ச நாள் போகட்டுமே" என்றான் கணவன். ஒரு வருடம் போய்விட்டது. பெற்ற மகள் பக்கத்து அறையில் தூங்க, கதவுக்கு வெளியே நின்று மூச்சுச் சத்தம் கேட்டுவிட்டு வந்து படுக்கிற தாயாக அவள் ஆகியிருந்தாள்.

அவளுக்கு மகள் திரும்ப வேண்டும். அதை எப்படி வாங்குவது என்று தெரியவில்லை. மூத்தவளின் மானத்தை வாங்குவது எப்படி என்று மட்டும் இப்போது தெரிந்தது. பழம் நழுவிப் பாலில் விழுந்திருக்கிறது, விடுவாளா?

கடைக்காரர் முதலில் ஒரு கறுப்புத் துணிப் பையை எடுத்து விரித்தார். மேலே ஒரு கொக்கி, கீழே ஒன்றன்கீழ் ஒன்றாக அறைகள்.

"இது நல்லா ஓடற சரக்கும்மா. உள்ள பாட்டில் ஒழுகினாலும் வெளிய வராது. மூடிட்டா உள்ள என்ன இருக்குன்னு ஒரு பய கண்டுபிடிக்க முடியாது."

"அப்ப வேணாம்" என்றாள்.

அவர் வலை வைத்த பையை எடுத்தார். அவள் வலைக்குப் பின்னால் தன் கையை நுழைத்துப் பார்த்தாள். விரல் தெரிந்தது, மோதிரம் மங்கலாகத் தெரிந்தது. அதுவும் போதாது. ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் கண்ணாடிக் குழாய்களுக்குப் பெயர்ச்சீட்டு ஒட்டுகிற வேலை அவளுக்கு. ஒரு பொருள் உள்ளே இருந்தால் அதன் பெயர் வெளியே படிக்கத் தெரிய வேண்டும், இல்லாவிட்டால் அவளுக்குத் திருப்தி வராது.

கடைசியில் பரண்மேலிருந்து ஒன்று இறங்கியது. முன்பக்கம் முழுவதும் கண்ணாடி மாதிரியான பிளாஸ்டிக். ஓரத்தில் ஒரு ஜிப். அதைத் திறந்தால் பின்பக்கத்தில் தட்டையாக இன்னொரு அறை. அதற்கும் அதே பிளாஸ்டிக்தான். கொக்கி நல்ல கனம், எந்தக் கம்பியிலும் மாட்டலாம்.

கடைக்காரர் அதைக் கையில் கொடுக்காமல் தயங்கினார். "தனியாப் போறவங்களுக்கு இது சரி. நீங்க குடும்பத்தோட போறீங்களா?"

"ஆமா."

"எல்லாருக்கும் ஒரே பாத்ரூமா?"

"ஒரே பாத்ரூம்."

"அப்ப இது எதுக்கும்மா? பொம்பளைங்க சாமான் அத்தனையும் பட்டப்பகல் மாதிரி தெரியும். நாளைக்கு வந்து மாத்திக் கொடுன்னு நிப்பீங்க."

"மாத்த மாட்டேன். நல்லா கட்டிக் கொடுங்க, பரிசு மாதிரி."

அவள் போட்ட கணக்கு சின்னதுதான். மூத்தவளின் கூந்தல் அந்த வீட்டின் பெருமை. "எங்க வம்சத்துல யாருக்கும் நரைக்காது" என்று சொல்லாத நாளில்லை. சாயம் பூசுகிறாள் என்பது இளையவளுக்கு எப்போதோ தெரியும், குப்பைக் கூடை பொய் சொல்லாது. அந்தச் சாயக் குப்பி எல்லார் கண்ணெதிரிலும் தொங்க வேண்டும். மாமியார் பார்க்க வேண்டும். மேஜையில் ஒரு சிரிப்பு எழ வேண்டும். அந்தச் சிரிப்பு எப்படி எரியும் என்று அவளுக்கும் தெரியட்டும்.

பையைப் பார்த்ததும் மூத்தவள் மூக்கைச் சுளித்தாள். பிறகு ஓரத்து ஜிப்பைத் திறந்து பார்த்து, "பின்னாடி ஒரு அறை இருக்கே, பரவாயில்ல" என்று வைத்துக்கொண்டாள்.

வாடகை வீட்டில் முதல் காலை. முதல் குளியல் எப்போதும் மூத்தவளுக்கு, அது எழுதாத சட்டம். அவள் குளித்து முடித்துத் தலையில் துண்டோடு வெளியே வந்ததும், வழக்கமாகக் கடைசியில் போகிற இளையவள் இன்றைக்கு முந்திக்கொண்டு உள்ளே போய்த் தாழ்ப்பாள் போட்டாள்.

அந்தக் குளியலறைச் சுவரில் ஆணியும் இல்லை, கொக்கியும் இல்லை. குளிக்கிற இடத்தைப் பிரித்து ஒரு கண்ணாடித் தடுப்பு மட்டும் இருந்தது. அதன் மேல்விளிம்பில், வெளிப்புறமாக, மூத்தவள் குளித்து முடித்த பிறகு பையை மாட்டிவிட்டுப் போயிருந்தாள். இளையவள் கிட்டே போய்ப் பார்த்தாள். சாயக் குப்பி நடு அறையில் ஜம்மென்று நின்றது. பாட்டிலை ஒரு துணியில் சுற்றியிருந்தாள், துணி அவிழ்ந்து கிடந்தது. இளையவள் அந்தத் துணியை எடுத்து அழுக்குத் துணிகளோடு போட்டாள். வாய்விட்டுச் சிரிக்காததுதான் பாக்கி.

சிரித்த முகத்தோடு தடுப்புக்கு உள்ளே போய்த் தண்ணீரைத் திறந்தாள். சோப்பு நுரையைத் துடைத்துக் கண்ணைத் திறந்தபோது, எதிரே கண்ணாடிக்கு அந்தப் பக்கம் பையின் பின்பக்கம் ஒட்டிக்கொண்டு தொங்கியது. சுவரில் மாட்டியிருந்தால் சுவரைத்தான் பார்த்திருக்கும். இங்கே அவளைப் பார்த்தது.

உள்ளே ஒரு மாத்திரை அட்டை. அதே நீல எழுத்து, அதே வாயில் நுழையாத பெயர். பாதி காலி.

அவள் தண்ணீரை நிறுத்த மறந்து நின்றாள். ஒரு கணம் இது தன்னுடைய அட்டைதானோ, மறுபடியும் குடைந்து எடுத்தாளோ என்று நினைத்தாள். இல்லை, அவளுடையது படுக்கையறையில், தலையணைக்கு அடியில் இருந்தது. இது மூத்தவள் விழுங்குகிற மாத்திரை. அதனால்தான் போன வருடம் திருப்பிக்கூடப் பார்க்காமல் சொன்னாள். அட்டையில் பெயர் மட்டும்தானே இருக்கிறது, எதற்குப் போடுவது என்று எங்கே எழுதியிருக்கிறது? அவளுக்கு எப்படித் தெரிந்தது என்ற கேள்வி அன்றைக்கு ஒருத்தருக்கும் தோன்றவில்லை, இளையவளுக்கும்தான்.

கிணறு வெட்டப் பூதம் கிளம்பிவிட்டது. யாராக இருந்தாலும் இந்த இடத்தில் கொஞ்சம் இரக்கம் வரும் என்பார்கள். இளையவளுக்கு வந்தது இரக்கமில்லை. தெரியாமல் செய்திருந்தால்கூட மன்னிக்கலாம், இவள் தெரிந்தே செய்திருக்கிறாள். தன்மேல் சந்தேகம் விழாமல் இருக்க என் பிள்ளையைத் தூக்கிக் கொடுத்திருக்கிறாள். ஈரக் கையோடு ஜிப்பைத் திறந்து அட்டையை உருவி, உடுத்திய பிறகு இடுப்பில் செருகிக்கொண்டாள்.

கதவைத் திறந்தால் மாமியார் தோளில் துண்டோடு நின்றுகொண்டிருந்தார். "எவ்வளவு நேரம்டி?"

"போங்க அத்தை. நிதானமாக் குளிங்க."

மேஜையில் ஆண்கள் இருவரும் முட்டைக்கு உப்பு போதுமா என்று விவாதித்துக்கொண்டிருந்தார்கள். குழந்தை ரொட்டியின் ஓரத்தைக் கடித்துக்கொண்டிருந்தது. சமையலறையில் தேநீர் வடிகட்டிய மூத்தவளின் பக்கத்தில் போய் இளையவள் நின்றாள்.

"அக்கா, உங்க பையோட பின்பக்கம் உள்ள நின்னு குளிக்கிறவங்களுக்கு நல்லாத் தெரியுது."

தேநீர் மேடையெல்லாம் சிந்தியது. அவள் குளியலறைப் பக்கம் பாய்ந்தாள். உள்ளே தாழ்ப்பாள் விழுகிற சத்தம் கேட்டது.

"அத்தை போயிட்டாங்க" என்றாள் இளையவள்.

"நீ... நீ பார்த்தியா?"

"பார்த்தேன். அத்தையும் பார்ப்பாங்க. அவங்களுக்குப் பேர் தெரியாதுன்னு நினைக்காதீங்க. போன வருஷம் நீங்கதான் அத்தனை பேருக்கும் காட்டினீங்களே. அந்த நீல எழுத்தை இந்த ஜென்மத்துல மறக்க மாட்டாங்க."

மூத்தவளின் முகத்தில் ஈயாடவில்லை. எட்டு ஊருக்குக் கேட்கிற குரல் முனகலாக வந்தது. "நான் என்ன பண்ணணும், சொல்லு."

"என் பிள்ளை இன்னைக்கு ராத்திரியிலிருந்து என்கூடத் தூங்கணும். நான் கேட்டு ஆச்சு, அழுது ஆச்சு. இப்ப நீங்க கேளுங்க. எந்த மேஜையில ஆரம்பிச்சீங்களோ, அதே மாதிரி மேஜையில எல்லாரும் இருக்கறப்ப சொல்லுங்க. அத்தை வாயைத் திறக்கறதுக்கு முன்னாடி சொல்லிட்டா நல்லது."

அட்டை தன் இடுப்பில் இருப்பதை அவள் சொல்லவில்லை. இருவரும் மேஜைக்கு வந்து உட்கார்ந்தார்கள். மாமியார் நிதானமாகத்தான் குளித்தார். தண்ணீர் விழும் சத்தம் வரும், நிற்கும், மறுபடி வரும். ஒவ்வொரு முறை நிற்கும்போதும் மூத்தவள் நாற்காலியின் நுனிக்கு வந்தாள். இளையவள் எதிரே உட்கார்ந்து அதைப் பார்த்துக்கொண்டே ரொட்டியில் வெண்ணெய் தடவினாள். ஒரு வருடத்தில் அவள் ருசித்துச் சாப்பிட்ட ரொட்டி அதுதான்.

கதவு திறந்தது. மாமியார் நெற்றியைச் சுருக்கிக்கொண்டு நேராக மூத்தவளிடம் வந்தார்.

"ஏன்டி பெரியவளே, இத்தனை வருஷமா எங்ககிட்ட மறைச்சிருக்கியே!"

மூத்தவள் எழுந்து நின்றேவிட்டாள். "அத்தை, அது... பாப்பா இனிமே அவ அம்மாகிட்டயே தூங்கட்டும் அத்தை. அந்த மாத்திரை போட்டா ஒண்ணும் ஆகாது. போட்டுத் தூங்கினாலும் பிள்ளை அழுதா முழிப்பு வரும். நல்லாவே வரும். நான் அன்னைக்குப் பேசினது தப்பு."

மாமியார் விழித்தார். "நான் முடிக்குச் சாயம் போடறதைக் கேட்டேன். நீ என்னடி எங்கேயோ போற?"

ஆண்கள் இருவரும் வெடித்துச் சிரித்தார்கள். "வம்சத்துக்கே நரைக்காதுன்னாளே!" என்று மூத்தவளின் கணவனே மேஜையைத் தட்டினான். இளையவள் ஒரு வாரமாக ஆசைப்பட்ட சிரிப்பு அது. இப்போது அது அவள் காதில்கூட விழவில்லை. அவள் மாமியாரின் வாயையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

சிரிப்பு அடங்கியதும் மாமியார் கேட்டார். "முழிப்பு வரும்னு உனக்கு எப்படித் தெரியும்?"

மூத்தவள் மேஜைத் துணியைப் பார்த்தாள். "தெரியும் அத்தை."

மாமியார் அவளை ரொம்ப நேரம் பார்த்தார். பிறகு பேத்தியின் வாயைத் துடைத்துவிட்டு, "சரி, அம்மாகிட்டயே படுத்துக்கட்டும்" என்றார். குழந்தை அதையெல்லாம் கவனிக்காமல் இன்னொரு ரொட்டி கேட்டது. இளையவள் அழவில்லை, இந்தக் கண்ணீரைக்கூட யாராவது சாட்சியாக்கிவிடுவார்கள்.

அடுத்த நிமிடம் மூத்தவள் குளியலறைக்குள் ஓடினாள். வெளியே வந்தபோது முகம் வெளுத்திருந்தது. பாத்திரம் கழுவிக்கொண்டிருந்த இளையவளிடம் வந்தாள்.

"அது அங்க இல்ல."

"தெரியும். என்கிட்ட இருக்கு."

"அப்ப... அத்தை பார்க்கவே இல்லையா?"

"இல்ல."

மூத்தவளின் கண்ணில் முதலில் உயிர் வந்தது, பிறகு கோபம் வந்தது, பிறகு இரண்டும் போய்விட்டன. "கொடுத்துடு. ராத்திரி போட்டாகணும். ஒரு நாள் விட்டாலும்..."

"தலை சுத்தும். கை நடுங்கும். தெரியும்க்கா, எனக்குத் தெரியாதா? ஒரு நாள்கூடத் தவற விடமாட்டேன்." இளையவள் தட்டைக் கவிழ்த்து வைத்தாள். "இங்க இருக்கற வரைக்கும் ராத்திரி சாப்பிட்டதும் என் ரூமுக்கு வந்து கதவைத் தட்டிக் கேளுங்க. ஒண்ணு ஒண்ணாத் தரேன்."

அன்று சாப்பாடு முடிந்து கணவன் வாசலில் அண்ணனோடு பேசிக்கொண்டிருந்தபோது, இளையவள் அறையில் மகளுக்குப் பக்கத்தில் படுத்திருந்தாள். குழந்தை அவள் கழுத்தில் கையைப் போட்டுத் தூங்கிப்போயிருந்தது. அந்த மூச்சுச் சத்தத்தை நடுவில் கதவு இல்லாமல் அவள் கேட்டுக்கொண்டிருந்தாள்.

கதவு தட்டப்பட்டது, மெதுவாக. அவள் எழுந்திருக்கவில்லை. ஒரு வருடமாகக் கதவுக்கு வெளியே நின்றவளுக்கு, வெளியே நிற்பது என்றால் என்னவென்று தெரியும். அக்காவுக்கும் கொஞ்சம் தெரியட்டும். மறுபடியும் தட்டுகிற சத்தம் கேட்டது. "நான்தான்" என்றது குரல், கெஞ்சுகிற மாதிரி.

பிறகுதான் மகளின் கையை மெல்ல எடுத்து வைத்துவிட்டு எழுந்து திறந்தாள். மூத்தவள் உள்ளங்கையை நீட்டினாள். இளையவள் அட்டையை அமுக்கி ஒரு மாத்திரையை அந்தக் கையில் விழவைத்தாள். தலையணைக்கு அடியிலிருந்து தன் அட்டையை எடுத்து, தனக்கும் ஒன்று அமுக்கிக்கொண்டாள்.

அறையில் ஒரே ஒரு டம்ளர் தண்ணீர்தான் இருந்தது. மூத்தவள் பழக்கதோஷத்தில் அதற்குக் கையை நீட்டினாள். இளையவள் டம்ளரை எடுத்து, முதலில் தான் குடித்தாள். மிச்சத்தை அவளிடம் கொடுத்தாள்.