கடைசிப் பந்தி

"எந்திரிங்க மதினி, இது கடன்காரங்க பந்தி."

"நான் எதுக்கு எந்திரிக்கணும்? நான் அவரு பொஞ்சாதி. எனக்கு அப்புறந்தான்…"

"அதனாலதான் எந்திரிக்கச் சொல்றேன். பொஞ்சாதி கடைசிப் பந்தி."

"அந்த அச்சு மிஷினே என் வளையல வித்து வாங்குனது நாகமாணிக்கம்."

"பத்திரம் எழுதுனீங்களா?"

குருலட்சுமி எழுதவில்லை. எழுந்துவிட்டாள்.

அவள் புருஷன் ரத்தினவேலின் காலண்டர் அச்சகம் நொடித்துப்போனது. அவர் திவாலானவர் என்று நீதிமன்றம் சொன்ன மறுவாரம், வழக்கம்போல மண்டபம் பிடித்து அவரைக் கடன்காரர்களுக்குப் பரிமாறினார்கள். வாளியைத் தூக்கிக்கொண்டு அவரே பரிமாறினார். பங்கீட்டு அதிகாரி பட்டியலோடு பின்னால் நடந்தார்.

குருலட்சுமிக்கு வளையல் வேண்டாம். மூன்று வருஷமாக வந்த கடன் நோட்டீஸையெல்லாம் பீரோவுக்கு அடியில் தள்ளி மறைத்தாரே, ஏன்? அதை அவர் வாயால் கேட்க வேண்டும். அதற்குத்தான் வந்திருந்தாள்.

முதல் பந்தியில் வங்கிக்காரர்கள் மூன்று பேர். அடமானம் வைத்த பொருள் அவர்கள் இலைக்குத்தான், வேறு யாரும் தொடக் கூடாது. வீடு வந்தது. அடுக்களையை அடுப்பு எரிய எரிய வைத்தார்கள்.

"மாடிப்படி கொஞ்சமாப் போடுங்க," என்றார் மேனேஜர். "எனக்கு சுகர்."

இரண்டாம் பந்தி அச்சகத்துத் தொழிலாளிகளுக்கு. சம்பள பாக்கிக்கு ரத்தினவேலின் மிச்ச ஞாயிற்றுக்கிழமைகள் போயின. பைண்டிங் பிலோமினா தலையைத் தூக்காமல் சாப்பிட்டாள். "மன்னிச்சுக்கங்க அக்கா, பிள்ளைங்க இருக்கு," என்றாள். குருலட்சுமி அவளுக்குத் தண்ணீர் ஊற்றினாள். அடுத்து உட்கார்ந்த வரி ஆபீஸ்காரர்கள் மற்ற கிழமைகளை வாங்கிக்கொண்டு ரசீது கொடுத்தார்கள்.

பிறகு ஈடில்லாமல் கடன் கொடுத்தவர்கள். நாற்பத்தொரு பேர். மண்டபம் கொஞ்சம் நீண்டு இடம் கொடுத்தது. ரத்தினவேலிடம் மிச்சமிருந்தது பேச்சு மட்டும்.

"விகிதப்படி பிரிங்க," என்றார் அதிகாரி.

பால்காரருக்கு 'நாளைக்கு' விழுந்தது.

"இத நான் நெறைய வாங்கியிருக்கேனே சார்."

"இன்னிக்கு வாங்குறதுதான் கணக்கு."

நாகமாணிக்கத்துக்குக் காகிதக் கடை பாக்கி அதிகம். 'கண்டிப்பா'வும், 'அண்ணாச்சி'யும், பெருமூச்சு ஒன்றும் கிடைத்தன. குருலட்சுமி சுவரோரமாக நின்று எண்ணிக்கொண்டிருந்தாள். 'ஏன்னா' வட்டிக்காரர் இலைக்குப் போனது. 'உனக்கு' மருந்துக் கடைக்குப் போனது.

"சார், எனக்கு ரெண்டு வார்த்தை எடுத்து வைங்க."

"மிஞ்சுனா தரலாம்மா. வீட்டாளுங்க அவசரப்படக் கூடாது."

வாளியைச் சுரண்டினார்கள். 'ம்' ஒன்று ஒட்டியிருந்தது. அதையும் பூக்காரிக்குப் போட்டார்கள்.

நாற்பத்தொரு இலைகளையும் எடுத்துவிட்டுக் குருலட்சுமிக்கு ஒரு இலை போட்டார்கள். நல்ல நுனி இலை. எதிரே ரத்தினவேலைக் கொண்டுவந்து உட்காரவைத்தார்கள்.

"இதான் மிச்சம். கையெழுத்துப் போடுங்கம்மா."

போட்டாள். அதிகாரி பட்டியலை மடித்துக்கொண்டு போனார்.

ரத்தினவேல் வாயைத் திறந்தார். உள்ளே சுத்தமாகத் துடைத்திருந்தது. மூடிக்கொண்டார்.

குருலட்சுமி இலையைத் தள்ளிவைத்துவிட்டு அவர் பக்கம் நகர்ந்தாள்.

"சரி, பேச வேணாம். என்னைய ஒரு ஆளா நெனைக்காம மறைச்சீங்களா, இல்ல பயந்து மறைச்சீங்களா? பயந்துதான்னா ஒரே ஒரு தடவ தலைய ஆட்டுங்க."