குவாக் வீட்டுச் சிவப்பு வாசல்

நடந்ததைச் சரியாகத்தான் நினைவில் வைத்திருக்கிறேனா என்று எனக்கே சந்தேகம். அது மழைக்காலத்தின் நடுவிலா, மழை விட்ட பிறகா என்பதுகூடத் தெளிவாக இல்லை. கோழி வெந்த மணம் மட்டும் நிச்சயம். எங்கள் ஊரில் இதைப் பற்றிப் பேசியவர்கள் எல்லோரும் அந்த மணத்தைச் சொல்லாமல் விட்டதில்லை. மற்றவற்றில் சிலது அந்த வீட்டு இளைய மகன் இக்சுவே பின்னாளில் சொன்னது. சிலது அவன் சொல்லாமல் விட்ட இடங்களில் நானாக எடுத்துக்கொண்டது.

குவாக் வீட்டார் நல்ல குலம். ஆனால் மூன்று தலைமுறையாக அந்த வீட்டில் யாரும் அரசுத் தேர்வில் தேறவில்லை. கூரை ஓடு சரிந்தால் சரிந்தபடியே கிடக்கும். தேர்வும் இல்லை, பதவியும் இல்லை என்றான வீட்டுக்கு மேலே ஏற மிஞ்சியிருந்த ஒரே ஏணி நற்குணம். பெற்றவருக்காகத் தன்னை வருத்திக்கொண்ட மகன் என்று ஊர்ப் பண்டிதர்கள் மேலிடத்துக்கு எழுதிப்போட்டால், அரசர் பெயரால் அந்த வீட்டின் முன்னே சிவப்பு வாசல் எழுப்ப உத்தரவு வரும். அதன் கீழே போகிறவன் குதிரையில் வந்தாலும் இறங்கித்தான் நடக்க வேண்டும்.

அந்த வருடம் கிழவர் குவாக் கழிச்சல் கண்டு படுத்தார். மூத்த மகன் தொக்சு முதலில் வைத்தியரைக் கூப்பிடவில்லை. பண்டிதர்களைக் கூப்பிட்டான்.

ஊர்ப் பாடசாலையிலிருந்து நான்கு பேர் வந்தார்கள். தலைவர் பியோ பண்டிதர். குதிரைமயிர்த் தொப்பி, வெள்ளை அங்கி, ஈரத்தில் நசநசத்த காலுறைகள். நோயாளியின் அறையில் வரிசையாக உட்கார்ந்து, ஈக்களை விசிறியால் ஓட்டிக்கொண்டு காத்திருந்தார்கள். பித்தளைச் சட்டி நடுவில் இருந்தது. யாரும் மூக்கைப் பொத்தவில்லை. பொத்துவது மரியாதை இல்லை.

பெற்றவரின் மலத்தை மகன் நாக்கில் வைத்துப் பார்ப்பது அந்தக் காலத்தில் பெரிய புண்ணியம். கசந்தால் பிழைப்பார். இனித்தால் போய்விடுவார்.

தொக்சு வெள்ளிக் கரண்டியை எடுத்தான். மூத்தவர்கள் முன்னால் எதை வாயில் வைத்தாலும் முகத்தைத் திருப்பி, சட்டைக் கையால் மறைத்துக்கொண்டு வைப்பது எங்கள் வழக்கம். அவனும் அப்படியே திரும்பினான். அவன் திரும்பிய பக்கத்தில் அவன் தம்பி இக்சு உட்கார்ந்திருந்தான்.

கரண்டி உதட்டுக்கு ஒரு சாண் தள்ளியே நின்றது. தொக்சு கண்ணை மூடினான். தொண்டை ஏறி இறங்கியது. அகலமான சட்டைக் கைக்குள் கரண்டியைத் துடைத்துவிட்டுச் சபையைப் பார்த்துத் திரும்பியபோது அவன் கன்னத்தில் கண்ணீர் இருந்தது. தம்பியை அவன் பார்க்கவில்லை.

“இனிக்குது” என்றான். “அய்யா, இனிக்குதே.”

பண்டிதர்கள் முனகினார்கள். பியோ பண்டிதர் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

அதன் பிறகு எல்லாம் முறைப்படி நடந்தது. கிழவரை நடு அறைக்கு மாற்றினார்கள், தலையைக் கிழக்கே வைத்தார்கள், துவைத்த வெள்ளை உடுப்புப் போட்டார்கள். போகிறவருக்கு உணவு பாரம் என்று கஞ்சிக் கிண்ணத்தை எடுத்துவிட்டார்கள். மூச்சு நிற்பதைப் பார்க்க மூக்கருகே வைக்கும் பஞ்சை இக்சு கையில் கொடுத்து, அங்கேயே உட்கார் என்றார்கள்.

இக்சு சிறு வயதிலிருந்து, மனிதன் பிறப்பிலேயே நல்லவன் என்று சொல்லும் புத்தகங்களை வாசித்தவன். அதிகம் பேசமாட்டான். மனைவி பிரசவத்தில் போனபிறகு இன்னும் குறைத்துக்கொண்டான். பஞ்சைப் பிடித்தபடி பார்த்துக்கொண்டிருந்தவனுக்கு ஒன்று புரிந்தது. பஞ்சு நன்றாகவே ஆடியது.

அதைப் பாயோரம் வைத்துவிட்டு அண்ணனைத் தேடிப் போனான். தொக்சு கொல்லையில், சோயா விழுது ஊறும் சாடிகளுக்குப் பின்னால் கை கழுவிக்கொண்டிருந்தான்.

“அண்ணே, கரண்டி உங்க வாய்க்கே போகல.”

“மெதுவாப் பேசு.”

“காலையில அப்பா எங்கிட்ட பசிக்குதுன்னார். நேத்துலேர்ந்து கழிச்சலும் கொறஞ்சிருக்கு.”

“நீ எப்ப வைத்தியனான? பரீட்சையில தேறாதவன் எல்லாம் நாடி பாக்க வந்துட்டீங்க.”

“நீங்களும் தேறலையேண்ணே.”

தொக்சுவுக்குக் கோபம் வரவில்லை. கையை உதறிக்கொண்டு சிரித்தான். “அதனாலதானேடா இந்தக் கூத்து. உனக்குப் பொண்டாட்டியும் இல்ல, புள்ளையும் இல்ல. எனக்கு வயசுக்கு வந்த பொண்ணு இருக்கா. பாக்க வந்தவங்க நம்ம வாசலப் பாத்துட்டு, மேல பேசாமத் திரும்பிப் போனாங்க. நீயும் இருந்தியே.”

“அப்பாவுக்குக் கொஞ்சம் கஞ்சியாவது குடுக்கலாம்.”

“நாலு பெரிய மனுஷங்க முன்னாடி இனிக்குதுன்னு சொல்லிட்டேன். இனிமே அவர் எந்திரிச்சு உக்காந்து கஞ்சி கேட்டா என் மூஞ்சிய எங்க வெச்சுக்கறது? சாப்பாடு முடியட்டும். விரலை வெட்டி ரத்தம் குடுக்கப் போறேன். அதுக்கு மேல ஒரு மகன் என்னத்தச் செய்வான்?”

“கஞ்சி குடுப்பான்.”

தொக்சு சாடியின் மூடியை நேராக்கிவிட்டு, “போய் அப்பா பக்கத்துல உக்காரு. பஞ்சக் கீழ போட்டுட்டு வந்திருக்க” என்று சொல்லிவிட்டுப் போனான்.

வெளிக்கூடத்தில் இருந்த விருந்தாளிகளுக்குச் சமையல் ஆகிக்கொண்டிருந்தது. எங்கள் பக்கம் மழைக்காலம் கோடையில்தான்; அந்த வெயில் உச்சக் காலத்தில் கோழியைப் பூண்டோடு முழுசாக வேகவைப்பார்கள். அந்த மணம் ஈரக்காற்றில் நடு அறைக்குள் வந்து நின்றது.

கிழவர் கண்ணைத் திறந்தார்.

“கோழி வேகுதா?”

“ஆமாப்பா.”

“யாருக்கு?”

“வந்தவங்களுக்கு.”

கிழவர் கூரையைப் பார்த்தார். “எனக்குச் சாவு. அவங்களுக்குக் கோழி” என்றார். சிறிது நேரம் கழித்து, “வயிறு காந்துதுடா” என்றார்.

இக்சு எழுந்து சாம்பல் கொட்டகைக்குப் போனான். காலையில் பயன்பட்ட பித்தளைச் சட்டியை அங்கே வைத்திருந்தார்கள், இன்னும் கழுவவில்லை. அவனுக்கு அந்தச் சோதனையில் நம்பிக்கை இருந்தது. அந்த வீட்டில் அதை நம்பியவன் அவன் ஒருவன்தான். அண்ணன் பொய் சொன்னது தெரியும். ஆனால் உண்மை எது என்று அவனுக்குத் தெரியவில்லை. நிஜமாகவே இனித்து, உணவு கொடுத்து அப்பாவைக் கொன்றுவிட்டால்?

மண்டியிட்டான். ஈக்கள் எழுந்து அவன் முகத்தில் மோதின. திரும்பிக்கொள்ளவோ மறைத்துக்கொள்ளவோ அங்கே எந்த மூத்தவரும் இல்லை. சுட்டு விரலை விட்டு எடுத்து நாக்கில் வைத்தான். துப்பிவிட்டால் தெரியாமல் போய்விடும் என்று பல்லைக் கடித்து அப்படியே வைத்திருந்தான், சுவை முழுவதும் வரும்வரை.

கசந்தது. சந்தேகத்துக்கே இடமில்லாத கசப்பு.

சாம்பலால் விரலைத் தேய்த்து, வாயைப் பலமுறை கொப்பளித்துவிட்டு அடுக்களைக்குப் போனான். வேலைக்காரி சம்வோல் பெரிய பானையின் மேல் குனிந்திருந்தாள்.

“ஒரு கிண்ணம் சாறு குடு.”

“யாருக்கு சின்னய்யா?”

“கேக்காத.”

அவள் நடு அறைப் பக்கம் ஒருமுறை பார்த்தாள். “அப்ப மேல மெதக்கற கொழுப்ப ஒதுக்கிட்டு ஊத்தறேன். உப்பும் வேணாம்” என்றாள்.

கிழவர் குடித்தார். இக்சு சூடு பார்க்க ஒவ்வொரு கரண்டியையும் உதட்டில் தொட்டுத் தொட்டுக் கொடுத்தான். கடைசியில் கிழவர் பொறுமையிழந்து கிண்ணத்தையே வாங்கி இரண்டு கையாலும் தூக்கிக் குடித்தார். குடித்துவிட்டு ஏப்பம் விட்டார். படுத்தார். முகத்தில் நிறம் வந்திருந்தது.

காலிக் கிண்ணத்தோடு கதவைத் தள்ளி வெளியே வந்தபோது, எதிரே பியோ பண்டிதர் நின்றார். கை கழுவ எழுந்து வந்தவர். அவருக்குப் பின்னால் தொக்சு, துண்டோடு.

பண்டிதர் கிண்ணத்தைப் பார்த்தார். அதன் அடியில் ஒட்டியிருந்த பூண்டைப் பார்த்தார். பிறகு இக்சுவின் உதட்டில் மினுமினுத்த சாற்றைப் பார்த்தார்.

“என்ன அது?”

“கோழிச் சாறு.”

“பெத்தவன் மூச்சு இழுத்துட்டுக் கெடக்கான். உன் அண்ணன் கத்தியத் தீட்டி வெச்சுட்டு ஒரு வாய் சோறு எறங்காம நிக்கறான். நீ அப்பன் தலைமாட்டுல உக்காந்து கோழிய நக்கிட்டு வர்ற.”

உண்மையைச் சொல்ல ஒரே ஒரு வாக்கியம் போதும். ஆனால் அந்த வாக்கியம் அண்ணனைச் சபையில் அம்மணமாக நிறுத்தும். அண்ணனை அப்படி நிறுத்துகிற தம்பியும் அதே புத்தகங்களின்படி மிருகம்தான். தொக்சு பண்டிதரின் தோளுக்குப் பின்னாலிருந்து அவனைப் பார்த்துக்கொண்டிருந்தான். கெஞ்சவில்லை, மிரட்டவில்லை. கணக்கில் இல்லாத லாபம் கண்ணில் பட்டவன்போல மெல்ல அவன் முகம் தெளிந்தது.

கதவு மரச்சட்டத்தில் ஒட்டிய வெறும் காகிதம். உள்ளே ஒருவர் பேசினால் கேட்கும். இக்சு காத்திருந்தான்.

உள்ளேயிருந்து ஓர் இருமல் வந்தது. அவ்வளவுதான்.

“இவன் இப்படிப்பட்டவன்னு சொல்ல எனக்கே கூசுது அய்யா” என்றான் தொக்சு. “சின்ன வயசுலேர்ந்தே கொஞ்சம் வாய் ருசி.”

போகிற உயிரை மகனின் ரத்தம் திருப்பும் என்பது எங்கள் நம்பிக்கை. விருந்து முடிந்ததும் தொக்சு விரலை வெட்டினான். இடது கையின் மோதிர விரல். எழுதும் கையை விட்டுவிட்டான். நுனியில் ஒரு கீறல்தான், ஆனால் அலறல் வயல்வரை கேட்டது. சில சொட்டுகள் கிழவர் வாயில் விழுந்தன. கட்டுப்போட்ட துணி அவன் முழங்கைவரை நீண்டது.

மாலைக்குள் கிழவர் எழுந்து உட்கார்ந்து, தலையணையைச் சாய்த்துவைக்கச் சொன்னார்.

பண்டிதர்கள் அழுதார்கள். “மனுஷ சுபாவம் நல்லதுன்னு பெரியவங்க சும்மாவா சொன்னாங்க” என்று பியோ பண்டிதர் விம்மினார். “இதுக்கு மேல என்ன சாட்சி வேணும்?” அவர் தாடியில் கோழி நார் ஒன்று தொங்கியது. இக்சு அதையே பார்த்துக்கொண்டிருந்தான். விம்மும்போதெல்லாம் அது ஆடியது.

கிழவர் நடமாடத் தொடங்கியபின் நால்வரும் மறுபடி வந்தார்கள். மேலிடத்துக்கு எழுதும் முன் அவர் வாயாலேயே கேட்க வேண்டும். இக்சு கதவோரம் முழந்தாளிட்டு உட்கார்ந்திருந்தான். அவன் பெயரை ஏட்டிலிருந்து நீக்குவதா என்று பாடசாலையில் பேச்சு அடிபட்டுக்கொண்டிருந்தது. அப்பா ஒரு வார்த்தை சொன்னால் போதும். அந்தச் சாறு நான் குடித்தது என்று. அண்ணனின் ரத்தத்தையும் அவர் சொல்லிக்கொள்ளட்டும், அதில் இவனுக்கு ஆட்சேபம் இல்லை.

“பெரியவன் ரத்தம் நாக்குல பட்டுச்சு” என்றார் கிழவர். “உடனே உடம்பு சூடாச்சு. உசுரு திரும்பி வந்த மாதிரி இருந்துச்சு.”

“அதுக்கு முன்னாடி ஏதாச்சும் சாப்பிட்டீங்களா?”

கிழவர் கதவுப் பக்கம் பார்க்கவில்லை. “ஒண்ணும் வாயில படல.”

அவர்கள் போனபின் அறையில் இருவர் மட்டும் இருந்தார்கள். கிழவர் புகைக்குழாயில் புகையிலையை அடைத்தார்.

“கோவமா?”

“இல்லப்பா.”

“நீ என்ன செஞ்சன்னு எனக்குத் தெரியும். எனக்குத் தெரிஞ்சா போதாதா?” புகையை இழுத்தார். “ஒரு வீட்டுல ஒருத்தன் நல்லவன்னு பேரெடுத்தாப் போதும்டா. எனக்கு வருஷா வருஷம் படையல் வெக்கப் போறது மூத்தவன். அவன் பேரு கெட்டா நான் செத்தும் பட்டினி. வீடு ஒத்துமையா இருக்கணும். அதுக்கு யாராச்சும் ஒருத்தன் கொஞ்சம் கசப்ப முழுங்கணும்.”

இக்சு தலையைத் தரையில் வைத்து வணங்கினான். எழுந்தபோது, சாம்பல் கொட்டகையில் நாக்கில் ஏறியது அப்படியே திரும்ப வந்தது. பல நாள் கொப்பளித்தும் அவன் வாயை விட்டுப் போகாதிருந்த அதே சுவை. ஆனால் இந்த முறை அதற்குக் காரணம் சட்டியிலிருந்தது அல்ல என்று அவனுக்குத் தெரிந்தது. கொல்லைக்குப் போய் வாந்தியெடுக்கப் பார்த்தான். ஒன்றும் வரவில்லை. மறுநாள் விடிந்ததும் ஊரைவிட்டுப் போனான். யாரும் தேடவில்லை. ஊரைவிட்டுப் போனதே அவனைப் பற்றிய பேச்சுக்கு இன்னொரு சான்றாயிற்று.

சிவப்பு வாசல் அடுத்த வருடம் எழும்பியது. தொக்சுவின் மகளை வசதியான வீட்டில் கட்டிக்கொடுத்தார்கள். சம்வோலைச் சீதனத்தோடு அனுப்பினார்கள், அவள் அந்த ஊரிலேயே செத்தாள். பியோ பண்டிதர் பாடசாலையில் மனித சுபாவத்தைப் பற்றிப் பாடம் சொல்லும்போதெல்லாம் தொக்சுவை உதாரணம் காட்டி, வயதாகிப் படுக்கையில் போனார். கிழவர் இன்னும் பல வருடம் நன்றாகச் சாப்பிட்டுவிட்டுத் தூக்கத்தில் இறந்தார். தொக்சு கல்லறையருகே குடிசை போட்டு மூன்று வருடத் துக்கம் காத்தான். உள்ளே போனதைவிடப் பருத்து வெளியே வந்தான். விரலில் தழும்பே விழாமல் போனதால் கடைசிவரை அதில் ஒரு துணியைச் சுற்றிக்கொண்டிருந்தான். இக்சு கிழக்குக் கடலோரத்தில் மீன் காயவைக்கும் இடத்தில் கூலிக்கு நின்றான், ஒரு மீனவனின் விதவையைக் கட்டிக்கொண்டான், அப்பாவின் அடக்கத்துக்கு வரவில்லை. அவன் பெயர் குலப்பதிவில் இல்லை.