இழுத்து வைத்த கால்

"காலை இழுக்காதீங்கன்னு எத்தன தடவ சொல்றது? நேரா வைங்க!"

"இழுக்கணும். இந்தக் கூடத்துல அப்படித்தான்."

"எந்த ஊர்ல இப்படி ஒரு அடி இருக்கு? நொண்டுற மாதிரி இருக்குக்கா. குழந்தைங்க அத்தனை பேரையும் நொண்டவெச்சிருக்கீங்க!"

"யாரப் பாத்து நொண்டுறாங்கன்ற? உங்க ஒசாகாவுல கோப்பை வாங்கறதுக்காகக் குதிப்பீங்க. அத அங்கயே வெச்சுக்க. இங்க நாங்க கராத்தே பண்றோம்!"

இந்தச் சத்தம் கேட்டதும், எதிர்த்த கடையில் சூடான தோஃபுவை அள்ளிக்கொண்டிருந்த கமே அக்காவின் கரண்டி அந்தரத்தில் நின்றது. வாங்க வந்தவர்களும் அவசரப்படவில்லை. நாஹா என்ற இந்தத் தீவு நகரத்தில், சந்தைக்குப் பின்னால் இருக்கும் எங்கள் சந்தில், தோஃபு ஆறிப்போனால் வேறு வாங்கிக்கொள்ளலாம். சண்டை ஆறிப்போனால் திரும்பக் கிடைக்காது.

கூடத்துக்குள் பத்துப் பதினைந்து குழந்தைகள் இடது காலைப் பாதி வழியில் நிறுத்திக்கொண்டு கொக்கு மாதிரி நின்றார்கள். இழுப்பதா, வைப்பதா? ஒரு பக்கம் ஃபுமியே. பள்ளிக்கூடச் சமையல்கட்டில் வேலை, நாற்பது தாண்டிய வயது, கறுப்பு பெல்ட்டில் ஐந்தாம் படியான ஐந்தாம் டான். மாஸ்டருக்கு அடுத்தபடி இந்தக் கூடத்தில் அவள்தான். இன்னொரு பக்கம் தகாயுகி. மாஸ்டரின் அண்ணன் மகன். போன புயல் காலத்தில் ஒசாகாவிலிருந்து வந்து இறங்கியவன். விளையாட்டுச் சாமான் கடையில் வேலை, வரிசையான பல். அந்தப் பல்லுக்காகவே மருந்துக்கடைக்காரரின் சின்ன மகள் மாலையில் இந்தப் பக்கம் நாயை நடத்திக்கொண்டு வருகிறாள் என்று பேச்சு. அந்த வீட்டில் நாய் வாங்கியதே போன மாதம்தான்.

சண்டை எதற்கு என்று சொல்லிவிடுகிறேன். கட்டா என்று ஒன்று உண்டு. எதிரே ஆள் இல்லாமல், இருப்பதாக வைத்துக்கொண்டு போடும் சண்டை. மாஸ்டர் செய்வதை அடி பிசகாமல் அப்படியே செய்ய வேண்டும், அதுதான் அதன் சட்டம். இந்தக் கூடத்தின் பெரிய கட்டாவில் நடுவே ஒரு திருப்பம் வரும். மற்ற கூடங்களில் இடது காலை நேராக எடுத்து வைத்துவிடுவார்கள். செய்கிச்சி மாஸ்டரின் கூடத்தில் மட்டும் அந்தக் கால் பாதி தூரம் போய், தயங்கி, பிறகு தரையைத் தேய்த்துக்கொண்டு போய்ச் சேரும்.

இது ஏன் என்று மாஸ்டர் சொன்னதில்லை. யாரும் கேட்டதுமில்லை. அங்கே 'ஏன்' என்று கேட்பது, விருந்துக்குப் போன வீட்டில் சோற்றை முகர்ந்து பார்ப்பது மாதிரி. அதனால் ஃபுமியே தானே ஒரு காரணம் கண்டுபிடித்துக்கொண்டாள்.

"அலை திரும்பிப் போகும்போது காலடியில இருக்கற மண்ணை உறிஞ்சிக்கிட்டுப் போகும் பாருங்க, அந்த மாதிரி," என்று குழந்தைகளிடம் சொல்வாள். "நீங்க நின்னுட்டீங்கன்னு எதிராளி நெனப்பான். அப்பத்தான் போய்ச் சேருவீங்க."

குழந்தைகளுக்கு அது சர்க்கரைப் பாகு. பிரேசிலிலிருந்து, தாத்தா காலத்தில் இங்கிருந்து கப்பலேறிப் போன குடும்பத்துப் பையன் மார்கோஸ் வந்து சில மாதங்கள் தங்கியிருந்தான். அவனுக்கும் இந்த அடியை அவள்தான் சொல்லிக்கொடுத்தாள். "இப்படி ஒரு ரகசியம் சாவோ பாவுலோல ஒருத்தனுக்கும் தெரியாது அக்கா!" என்று கண்கலங்கினான். அவன் சொன்னது சத்தியமான உண்மை என்பது பிறகுதான் தெரிந்தது.

தகாயுகி வந்து நொண்டுகிறீர்கள் என்று சொன்னபோது ஃபுமியேவுக்கு அவ்வளவு கோபம் வந்ததற்குக் காரணம் இருந்தது. போன புதுவருஷ விருந்தில், அரிசிச் சாராயம் இரண்டு சுற்று உள்ளே போன பிறகு, மாஸ்டர் எல்லார் முன்னாலும் சொல்லியிருந்தார்: "எனக்கப்புறம் இந்தக் கூடம் ஃபுமியேவுக்குத்தான். ஆறாம் டான் மட்டும் வாங்கட்டும். மறுநாளே வாசப் பலகையில அவ பேர எழுதறேன்."

அந்தப் பலகைக்காக அவள் விட்டது கொஞ்சமில்லை. மீன்பிடித் துறைமுகத்தில் கணக்குப் பார்த்த ஒரு நல்ல மனிதன் ஃபுகுவோகாவுக்கு மாற்றலாகிப் போகும்போது, "வர்றியா?" என்று கேட்டான். "கூடத்த யார் பாக்கறது?" என்றாள் இவள். அவன் அங்கே போய் வேறொருத்தியைக் கட்டிக்கொண்டு இரண்டு பிள்ளைகளும் பெற்றுவிட்டான். இவள் கூடத்துத் தரையைத் துடைத்தாள், மாஸ்டருக்கு முடியாத நாளெல்லாம் வகுப்பெடுத்தாள், சுவரில் மாஸ்டரின் பெயர்ப் பட்டைக்குப் பக்கத்தில் தொங்கிய தன் பெயர்ப் பட்டையை நாள் தவறாமல் தூசி தட்டினாள்.

ஆறாம் டான் தேர்வு நெருங்கிவிட்டது. கராத்தே சங்கத்தின் முன்னால் அந்தப் பெரிய கட்டாவைச் செய்துகாட்ட வேண்டியது அந்தத் தேர்வில்தான். தகாயுகியோடு சண்டை போட்ட அன்று சாயங்காலம், வாழ்நாளில் முதல் முறையாக அவள் மாஸ்டரிடம் ஒரு கேள்வி கேட்கப் போனாள்.

மாஸ்டர் தொலைக்காட்சியில் சுமோ மல்யுத்தம் பார்த்துக்கொண்டிருந்தார்.

"மாஸ்டர், அந்த இடது கால்..."

"எந்த இடது கால்?"

"பெரிய கட்டாவுல. இழுக்கறது தப்புன்னு தகாயுகி சொல்றான்."

மாஸ்டர் திரையிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. அங்கே ஒரு மலை இன்னொரு மலையை வட்டத்துக்கு வெளியே தள்ளியது.

"நான் எப்படிச் செய்யறேன்?"

"இழுத்து."

"அப்புறம் என்ன கேள்வி?"

மாஸ்டரின் மனைவி சுருகோ மாமி மல்லிகைத் தேநீர் கொண்டுவந்தாள். ஏதோ சொல்ல வாயெடுத்தவள் புருஷனின் பிடரியைப் பார்த்தாள். "டீ ஆறிடப்போகுது," என்று மட்டும் சொல்லிவிட்டு உள்ளே போனாள்.

ஃபுமியே நிம்மதியாக வீட்டுக்கு வந்தாள்.

தேர்வு ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை, சங்கத்தின் பெரிய கூடத்தில். தேர்வாளர்கள் மேசைக்குப் பின்னால், தேர்வுக்கு வந்தவர்களின் மாஸ்டர்கள் பக்கவாட்டில். நடுநாயகமாக நகாந்தகாரி என்ற கிழவர். தன் பெயரைப் போலவே நீளமான புருவம் உள்ளவர்.

ஃபுமியே அன்று செய்த மாதிரி என்றும் செய்ததில்லை என்றுதான் போனவர்கள் சொன்னார்கள். திருப்பம் வந்தது. கால் போய், தயங்கி, தேய்ந்து போய்ச் சேர்ந்தது. நகாந்தகாரி கையைத் தூக்கி நிறுத்தினார்.

"கால்ல ஏதும் அடியாம்மா?"

"இல்லீங்க ஐயா."

"திரும்பச் செய்ங்க."

திரும்பச் செய்தாள். அவருக்குப் புரியவில்லை போலும் என்று நினைத்து, இன்னும் அழகாக, இன்னும் நிதானமாக இழுத்தாள். மேசைக்குப் பின்னால் யாரோ சிரிப்பை இருமலாக மாற்றிக்கொண்டார்கள்.

"இந்த அடிய யார் உங்களுக்குச் சொல்லிக் குடுத்தது?"

சங்கத்தின் முன்னால் நின்றுகொண்டு, 'என் மாஸ்டர்' என்று விரலை நீட்டுகிற சீடன் இந்தத் தீவில் இன்னும் பிறக்கவில்லை. ஃபுமியே ஒரே ஒரு தடவை பக்கவாட்டில் பார்த்தாள். மாஸ்டர் எழுந்து ஒரு வார்த்தை சொன்னால் போதும். மாஸ்டர் தன் பெல்ட்டின் முடிச்சைச் சரிசெய்துகொண்டிருந்தார்.

"நானாப் பழகிக்கிட்டது, ஐயா. என் தப்பு."

அப்படிச் சொல்லிவிட்டு, மாஸ்டர் மறுத்துப் பேசுவதற்காகக் கொஞ்ச நேரம் காத்துக்கொண்டு நின்றாள். மாஸ்டரும் பேசினார்.

"நானும் எத்தனையோ தடவை சொல்லிப் பாத்துட்டேன்," என்றார் சிரித்துக்கொண்டே. "பிடிவாதக்காரி. என்ன பண்றது?"

"இத வெச்சுக்கிட்டு குழந்தைங்களுக்கு வேற சொல்லிக் குடுக்கறீங்க," என்று நகாந்தகாரி வருத்தமாகத் தலையாட்டினார். அவ்வளவுதான், தேர்வு முடிந்தது. அடுத்த முறை என்றால் வருஷக்கணக்கில் காத்திருக்க வேண்டும். அந்த வாரமே தகாயுகிதான் இனிக் கூடத்தைப் பார்த்துக்கொள்வான் என்று செய்தி வந்தது. வாசல் பலகைக்குப் புது வண்ணம் அடித்தார்கள்.

சில நாள் கழித்து, சுருகோ மாமி ஒரு டப்பா நிறைய எண்ணெயில் பொரித்த இனிப்பு உருண்டையோடு ஃபுமியேவின் வீட்டுக்குப் போனாள். அங்கே பேசியது எங்களுக்கு எப்படித் தெரியும் என்று கேட்காதீர்கள். அடுத்த வீடு கமே அக்காவுடையது. நடுச்சுவர் மெல்லிசு, கமே அக்காவின் காது அதைவிட மெல்லிசு.

"அவர் மேல கோவப்படாதடி," என்று மாமி ஆரம்பித்தாள். "அது வந்து... ஒரு புதுவருஷத்துக்கு முந்தின நாள் பன்னிக்கால் வாங்கிட்டு ஸ்கூட்டர்ல வந்தாரா? நல்ல மழை. பாலத்துக்கிட்ட சறுக்கி விழுந்துட்டாரு. முட்டி இப்படி வீங்கிப்போச்சு. ஒருநாள்கூட லீவு விடமாட்டேன்னு காலை இழுத்துக்கிட்டே வகுப்பு எடுத்தாரு. நீங்கள்லாம் பாத்துட்டு அப்படியே செஞ்சீங்க."

ஃபுமியே அதற்குச் சொன்னது மெதுவாகத்தான் கேட்டதாம். கமே அக்கா காதைச் சுவரோடு ஒட்டவேண்டியதாயிற்று.

"அப்பவே சொல்லியிருக்கலாமே மாமி."

"எப்படிடி சொல்வாரு? கராத்தே மாஸ்டர் ஸ்கூட்டர்லருந்து விழுந்தாருன்னு ஊர் சிரிக்காதா?"

"முட்டி சரியானப்புறமாவது?"

"அது ரெண்டு மூணு மாசத்துல சரியாயிடுச்சு. அதுக்குள்ள கூடமே இழுக்குது. நீ வேற அலை, மண்ணுன்னு என்னென்னமோ சொல்ல ஆரம்பிச்சிட்ட. அவருக்கே அது பிடிச்சுப்போச்சு. நல்லா இருக்கற கால இத்தன வருஷமா இழுத்தாரு, பாவம். சில நாள் அவரே நம்பிட்டாரோன்னு எனக்குச் சந்தேகம்."

"பாவம்," என்றாள் ஃபுமியே. பிறகு கேட்டாள்: "அந்தப் பன்னிக்கால் என்னாச்சு?"

"அதுக்கு ஒண்ணும் ஆகல. கழுவிட்டுச் சமைச்சேன். நீயும்தான் வந்து சாப்ட்டியே. ரொம்ப நல்லா இருக்குன்னு ரெண்டாவது தடவ வாங்கிக்கிட்ட."

மாமி வந்த காரியம் அதற்குப் பிறகுதான் வெளியே வந்தது. தகாயுகி சொன்னால் குழந்தைகள் கேட்பதில்லை. 'ஃபுமியே அக்கா இழுக்கச் சொன்னாங்க' என்று இழுத்துக்கொண்டே இருக்கிறார்கள். ஒரே ஒரு நாள் வந்து மாற்றிச் சொல்லிக்கொடுத்துவிட்டுப் போனால் நன்றாயிருக்கும். "மாஸ்டர்தான் கேட்டுட்டு வரச் சொன்னாரு."

அவள் போனாள். நானாக இருந்தால் அந்த இனிப்பு உருண்டையை டப்பாவோடு கூரைக்கு மேல் வீசியிருப்பேன். அவள் போனாள்.

"இனிமே இழுக்க வேண்டாம்," என்றாள் குழந்தைகளிடம். "காலை நேரா வைங்க."

முன்பல் விழுந்த ஒரு குட்டிப்பெண் கையைத் தூக்கினாள். "அப்ப அலை?"

"அலை இல்ல."

"எங்க போச்சு?"

"இருந்ததே இல்ல."

"நீங்க செஞ்சு காட்டுங்கக்கா."

ஃபுமியே செய்து காட்டினாள். திருப்பத்தில் இடது கால் போயிற்று, தயங்கிற்று, இழுத்துக்கொண்டு போய்ச் சேர்ந்தது. மறுபடி செய்தாள். மறுபடியும் இழுத்தது. பல்லைக் கடித்துக்கொண்டு இன்னொரு தடவை செய்தாள். கால் அவள் பேச்சைக் கேட்கவில்லை. அதற்கு அந்த ஒரு பாடம்தான் தெரியும்.

"நீங்களே இழுக்கறீங்க!" என்று குழந்தைகள் கைதட்டிச் சிரித்தார்கள்.

தகாயுகி சிரிக்கவில்லை, அதைச் சொல்லியாக வேண்டும். மெதுவாக முன்னால் வந்து, அவள் பக்கம் பார்க்காமல், காலை நேராக எடுத்து வைத்துக் காட்டினான். குழந்தைகள் அவனைப் பார்த்துச் செய்தார்கள். அவர்களுடைய கால்கள் அந்த வாரத்துக்குள் எல்லாவற்றையும் மறந்துவிட்டன.

வகுப்பு முடிந்ததும் ஃபுமியே சுவரிலிருந்து தன் பெயர்ப் பட்டையைக் கழற்றி, காய்கறிப் பையில் வெங்காயத்தாளுக்கு மேல் வைத்தாள். வழக்கப்படி மாஸ்டரைக் குனிந்து வணங்கினாள். மாஸ்டர் எதுவும் நடக்காத மாதிரி கேட்டார்: "அடுத்த வாரம் வருவியில்ல?"

"இல்ல மாஸ்டர். கால் சரியில்ல."

அந்தக் கூடத்தில் அப்படி ஒரு வார்த்தையை ஒருத்தர் வாய்விட்டுச் சொன்னது அதுதான் முதல் தடவை. மாஸ்டரின் முகம் எப்படிப் போயிற்று என்று பார்க்க யாரும் இல்லை. கமே அக்காவுக்கு அந்த வருத்தம் இன்னும் தீரவில்லை.

தகாயுகி மருந்துக்கடைக்காரரின் சின்ன மகளைக் கட்டிக்கொண்டான். நாயை அவள் அம்மா வளர்க்கிறாள். கூடத்தில் இப்போது சுவர் நிறையக் கண்ணாடி, ஏசி, அலமாரி நிறையக் கோப்பைகள். மாஸ்டருக்கு வயதாகி முட்டி நிஜமாகவே போய்விட்டது. ஒசாகாவில் அண்ணன் வீட்டுக்குப் பக்கத்தில் பெரிய ஆஸ்பத்திரி இருக்கிறது என்று சுருகோ மாமியோடு அங்கேயே போய்விட்டார். மாமி இங்கே இருந்த கடைசி நாள்வரை கமே அக்கா அவளுக்குத் தோஃபுவின் ஓரத்துண்டைத்தான் கொடுத்தாள்.

மார்கோஸ் சாவோ பாவுலோவில் சொந்தமாகக் கூடம் திறந்து, அங்கேயே கூடப் படித்த ஒரு பெண்ணைக் கட்டிக்கொண்டான். கல்யாணப் படம் அனுப்பியிருந்தான். மணமக்களுக்குப் பின்னால் வெள்ளை உடையில் பெரிய கும்பல், அத்தனை பேருடைய இடது காலும் பாதி வழியில் நிற்கிறது. ஃபுமியேவின் பெயருக்கு வந்த அந்தப் படத்தைக் கமே அக்கா வாங்கி வைத்திருக்கிறாள்.

ஃபுமியே மியாகோ தீவுக்குப் போய்விட்டாள். அங்கே சர்க்கரை ஆலையின் சாப்பாட்டுக்கூடத்தில் வேலை கிடைத்தது. அந்த ஆலையிலேயே மின்சார வேலை பார்க்கும், மனைவியை இழந்த ஒருவரைக் கல்யாணம் செய்துகொண்டாள். கராத்தே என்றால் என்னவென்று அவருக்குத் தெரியாது. நல்ல மனுஷராம். சாலையில் திரும்பும்போது அவளுடைய இடது கால் லேசாக இழுப்பதைப் பார்த்துவிட்டு, சின்ன வயதில் ஏதோ விபத்து போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டு, கனமான பையையெல்லாம் அவரே வாங்கித் தூக்கிக்கொள்கிறாராம். அவளும் ஆமாம், ஸ்கூட்டர் விபத்து என்று சொல்லிவிட்டாளாம்.